பொட்டு வைத்த குழாய்கள்

பாலைக் கண்டாலே டோரீனுக்கு எரிச்சல் வந்தது. செல்கள் வெளியே தள்ளும் நுண்பைகள் அதில் மிதக்கின்றன. சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் சிக்காத பொடிசுகள். கொழுப்பையும் திரளும் புரதத்தையும் நீக்கி, மிச்சத்தைக் குழாய்களில் ஊற்றி, அசுர வேகத்தில் சுழற்றினால் அவை ஒதுங்கிப் படிய வேண்டும். படிந்தனவோ என்னவோ, அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

அக்கரப்பத்தனைக் கால்நடை ஆய்வுக்கூடத்துக்கு அந்தச் சுழற்றும் மிஷின் வந்ததே பெரும்பாடு. பக்கத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் உருளைகள் ஓடினால் கரண்ட் இறங்கும், மிஷின் முனகும். மாத முடிவுக்குள் எதையாவது காட்டாவிட்டால் மிஷின் கொழும்புக்குப் போய்விடும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் அவள் பழையபடி பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆயுத பூசையன்று ஸ்டோருக்கு லீவு, கரண்ட் ஒழுங்காக வந்தது. டோரீன் குழாய்களை இறுக மூடி மிஷினுக்குள் சாய்த்து வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தித் திரும்பினாள். ஒவ்வொரு குழாயின் விளிம்பிலும், வெளிப்பக்கமாக, ஒரு குங்குமப் பொட்டு. பக்கத்தில் ஆய்வுக்கூட உதவியாள் வீரய்யா கைகூப்பி நின்றார்.

"என்ன வேலைண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"பூசைங்க மிஸ். ஸ்டோருல எல்லா மிஷினுக்கும் வச்சாச்சு. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

துடைத்தால் மனுஷன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். டோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை ஓட்டினாள்.

சுழன்று நின்றதும் ஒரு குழாயை எடுத்தாள். சுழலும்போது வெளியே பார்த்த பக்கத்துச் சுவரில்தான் படிவு ஒட்டும்; எடுத்த பிறகு அது எந்தப் பக்கம் என்பது எப்போதும் குழம்பிவிடும். உத்தேசமாகச் சாய்த்து ஊற்றுவாள். இன்று பொட்டு காட்டிக்கொடுத்தது. பொட்டுப் பக்கத்தை மேலே பிடித்து மெல்ல ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்தாள். பொட்டுக்கு நேர் கீழே, கண்ணாடியில் மூச்சு விட்டாற்போல் ஒரு மங்கல்.

இத்தனை நாளும் இதைத்தான் தொட்டியில் கொட்டியிருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு கோடு கிழித்து வைக்க வேண்டும் என்று படித்த அவளுக்குத் தோன்றவில்லை. வீரய்யாவுக்கும்தான் தோன்றவில்லை, அவர் சாமிக்கு வைத்தார்.

மங்கலைக் கொழும்புக்கு அனுப்பிப் பெரிய நுணுக்குக்காட்டியில் படம் எடுத்தார்கள். பைகளேதான். மிஷின் தங்கியது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த ஃபாதர், கடைத்தெருவில் குங்குமம் வாங்கிக்கொண்டிருந்த அவளைப் பிடித்துக்கொண்டார்.

"குங்குமம் யாருக்கும்மா?"

"மிஷினுக்கு ஃபாதர். வைக்காட்டியும் ஓடும், ஆனா ஒண்ணும் கண்ணுக்குத் தெரியாது."