பதினோரு டைல்ஸ்

மணிவண்ணனுக்கு மின்சாரம் என்றால் பயமில்லை. பல்லி என்றால்தான் பயம். வயர்மேனுக்கு இருக்கக் கூடாத பயம். மீட்டர் பெட்டி இருக்கிற இடத்தில் பல்லி இருக்கும்.

போன மாதம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பெட்டியைத் திறந்தான். உள்ளிருந்து ஒன்று கையில் விழுந்தது. ஏணியோடு சாய்ந்தான். கீழே தறியில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணப் புடவையின் பாவு நூலில் நாற்பது இழை அறுந்தது.

காண்டிராக்டர் கிறிஸ்டோபர் கத்தவில்லை. "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா வேற ஆள வச்சிக்குவேன்பா" என்றார். அவர் சொன்னால் செய்வார்.

வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டு வா என்று தெருவே சொன்னது. நாலு முறை தொட்டாயிற்று. ஓடாத பல்லியைத் தொட யாருக்குப் பயம்?

அவன் மனைவி புவனேஸ்வரி வேறு வழி சொன்னாள். "பெருமாளுக்கு ஆயிரம் வேலை இருக்குது. நம்ம வூட்டுப் பல்லிய பாரு."

அது சமையலறை டியூப்லைட் பின்னால் குடியிருந்தது. சமையலறை வாசற்படியிலிருந்து அதன் அடிவரை தரையில் பதினோரு டைல்ஸ். நாளுக்கு ஒரு டைல்ஸ் முன்னால் போய், அவள் நூறு எண்ணும்வரை அதைப் பார்த்தபடி நிற்க வேண்டும். முதல் நாள் அறுபதில் ஓடினான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இவ்ளோ நடுங்கலயே!"

"அப்ப நீ செவுத்துல ஏறல."

ஏழாவது டைல்ஸில் பல்லி கத்தியது. தெருவுக்கு வந்துவிட்டான். "நாளைக்கும் ஏழுதான். பாஸானாதான் எட்டு" என்றாள். ஏழிலேயே ஐந்து நாள் கிடந்தான். ஆறாம் நாள் பல்லி கத்தியது, அவனுக்கு வியர்த்தது, ஆனால் கால் பின்வாங்கவில்லை.

பதினொன்று முடிந்ததும் அவள் பல்லியைத் துடைப்பத்தால் தள்ளி பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்தாள். முதலில் மூடியின் மேல் கை வைத்தான். மறுநாள் மூடியைத் திறந்தான். நாலாம் நாள் கையை உள்ளே விட்டான். பல்லி புறங்கையில் ஏறி நின்றது. சில்லென்றிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. மெயினை நிறுத்திவிட்டு மேலே ஏறினான். கிறிஸ்டோபர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பெட்டியைத் திறந்ததும் இரண்டு பல்லிகள் பாய்ந்தன. ஒன்று அவன் மணிக்கட்டில் விழுந்து சட்டைக்குள் போயிற்று.

"டேய், பல்லிடா!" மில்லே கத்தியது. கிறிஸ்டோபர் ஏணியை இறுக்கிப் பிடித்ததில் அது ஆடியது.

"தெரியுது. நீங்க ஏணிய ஆட்டாதீங்கண்ணா."

முதுகில் பல்லி ஊர்ந்தது. உடம்பு சிலிர்த்தது, கை சிலிர்க்கவில்லை. கடைசி ஸ்குரூவையும் முடுக்கினான். அதற்குப் பிறகுதான் சட்டையைத் தூக்கி உதறினான்.

மெயினைப் போட்டதும் மில் உறுமியது. கிறிஸ்டோபர் ஏணியிலிருந்து கையை எடுத்தார்.

"நாளைக்கி செவிலிமேட்டு வேலைக்கு நீ ஒண்டியா போய்டுபா. நான் வரல."