வத்தல் களத்துக்கு மேலே

மகள் என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் ஆமத்தூர் பெத்தணன் பூகோளம் என்பார். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. கற்பகவல்லி சேர்ந்திருந்த பல்கலைக்கழகத்தில் புவியியல் பட்டமும் விமானப் பயிற்சியும் ஒன்றாகவே நடந்தன. காலையில் ஆகாயம், மதியத்துக்கு மேல் வகுப்பு. மதியத்துக்கு மேல் நடப்பதை மட்டும் பெத்தணன் ஊரில் சொல்லி வந்தார். காலையில் நடப்பது தெரிந்தால் ஊர் சும்மா இருக்காது. பொம்பளைப் பிள்ளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்று ஆரம்பிக்கும். அந்தப் பேச்சையெல்லாம் அவர் ஏற்கெனவே தனக்குள் பேசித் தூக்கம் கெட்டிருந்தார். ஊர் வேறு பேச வேண்டாம் என்று பார்த்தார்.

இப்போது அந்தப் பாதியே முழுசாகிவிடும் போலிருந்தது.

தனியாக ஓட்டிக் காட்ட வேண்டிய பயிற்சி அது. காரியாபட்டிக்கு வடக்கே உள்ள ஓடுதளத்தில் கிளம்பி, விருதுநகரைத் தாண்டி, ஆமத்தூரில் இடப்பக்கம் திரும்பி, அருப்புக்கோட்டை வழியாக வந்து இறங்க வேண்டும். துணைக்கு ஆள் கிடையாது. வரைபடமும் கடிகாரமும் திசைகாட்டியும்தான். முதல் தடவை போனபோது கற்பகவல்லி தூசி மூட்டத்தில் ஆமத்தூரைத் தவறவிட்டு, சிவகாசி வெடி ஆலைகளுக்கு மேலே போய்விட்டாள். கீழே முற்றம் முற்றமாகச் சிவப்புச் சரங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ரேடியோவில் வழி சொல்லித்தான் அவளைத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். பயிற்சியாளர் கேப்டன் ஹரிஷ்குமார் கோபப்படவில்லை. இன்னொரு தடவை தருவதாகச் சொன்னார். அதிலும் வழி தவறினால் காலை வேளை இனி கிடையாது, மதிய வகுப்புக்கு மட்டும் வந்தால் போதும் என்றார்.

இந்தத் தடவை திரும்பும் இடத்துக்கு அவள் ஒரு அடையாளம் குறித்து வைத்திருந்தாள். கேப்டனோடு பறந்த ஒரு நாள் மேலிருந்து பார்த்திருக்கிறாள். ஊருக்கு மேற்கே, கரிசலில் ஒட்டிய தபால்தலை மாதிரி ஒரே ஒரு சிவப்புச் சதுரம். அவர்கள் வீட்டு மிளகாய் வத்தல் காயும் களம்.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வெள்ளிக்கிழம நான் வந்து போற வரைக்கும் நம்ம களத்து வத்தல அள்ளிராத. அதப் பாத்துத்தான் நான் திரும்பணும்."

முத்துமாரியம்மாள் "நம்ம வத்தலப் பாத்தா பிளேன் திரும்பும்?" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை மகள் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பக்கத்து இருக்கையில் கேப்டன் இல்லை. அவர் எடை இல்லாததால் விமானம் வழக்கத்தைவிட முந்தியே தரையை விட்டது. "ஏய், பொறு பொறு" என்று அதனிடம் சொன்னாள். சொன்ன பிறகு சிரிப்பு வந்தது. சிரித்தால் கேட்க ஆள் இல்லை என்றதும் இன்னும் சத்தமாகச் சிரித்தாள்.

கீழே காரியாபட்டி போயிற்று. கண்மாய்கள் ஒவ்வொன்றாக வெயிலைத் திருப்பி அடித்தன. கருவேலங்காடு, கரிசல், மறுபடி கருவேலங்காடு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஜில்லா முழுவதும் செருப்புக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. விருதுநகர் வந்தது. சந்திப்பிலிருந்து தண்டவாளங்கள் நாலு பக்கமும் பிரிந்தன. சிவகாசிக்குப் போகும் தண்டவாளத்தைப் பார்வையில் வைத்துக்கொண்டாள். கடிகாரமும் ஒத்துக்கொண்டது. பாட்டே பாடினாள். அடி மறந்த இடத்தில் ஊர்ப் பெயர்களைப் போட்டு நிரப்பினாள். இனி சிவப்புச் சதுரம் வர வேண்டியதுதான்.

சதுரம் வரவில்லை. சிவப்பு வந்தது.

ஒன்றிரண்டு இல்லை. கண் போகிற இடமெல்லாம் சிவப்பு. கட்டம் கட்டமாக, பட்டை பட்டையாக, உயரத்தில் ஒன்று, தாழ்வில் ஒன்று. பாட்டு நின்றது. இது வெடி ஆலை முற்றம். காயப்போட்ட சரம். கடிகாரம் பொய் சொல்லியிருக்கிறது, மறுபடியும் தாண்டிவிட்டோம். கை தானாகவே விமானத்தை வந்த வழியே திருப்பப் போனது. விமானம் சற்றுச் சாய்ந்தது.

சாய்ந்ததில் ஊர் நன்றாகத் தெரிந்தது.

முதல் வருடத்தில் ஒரு பாடம் உண்டு. குடியிருப்புகள் எங்கே குவிந்திருக்கும், எங்கே சிதறியிருக்கும் என்று. கற்பகவல்லி அந்த வகுப்பில் பெரும்பாலும் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினாள். ஆனாலும் ஏதோ ஒட்டியிருந்தது. வெடி ஆலையில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இடம் விட்டே தீர வேண்டும். அது சட்டம். மேலிருந்து பார்த்தால் சிந்திய அரிசி மாதிரி தனித்தனியாகக் கிடக்கும். இங்கே கட்டடங்கள் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்திருந்தன. சுவருக்குச் சுவர் ஒட்டு. இவ்வளவு நெருங்கி உட்கார்ந்து வெடி சுற்ற எந்த அரசாங்கமும் விடாது. இப்படி உட்கார்ந்து ஊர்வம்பு பேசலாம். மிளகாய் காயப்போடலாம்.

பக்கத்தில் கண்மாய் இருந்தது. தண்டவாளம் இருந்தது. கடிகாரம் யோக்கியம்தான்.

ஆமத்தூரேதான். சதுரத்தை மட்டும் காணோம். ஊரே அதுவாகிவிட்டது.

சாய்வை நிமிர்த்தி, மூக்கை இடப்பக்கம் அருப்புக்கோட்டைக்குத் திருப்பினாள். சிரிப்பில் கண் நிறைந்து பாதை மங்கியது. துடைத்துக்கொண்டாள். மீதி வழி முழுக்க, விட்ட இடத்திலிருந்து பாடிக்கொண்டு வந்தாள்.

இறங்கியதும் கேப்டன் அவள் போன பாதையைத் திரையில் பார்த்தார். கோடு நேராக இருந்தது. ஆமத்தூருக்கு மேல் மட்டும் சின்னதாக ஒரு நெளிவு.

"இங்க என்னாச்சு?"

"நான் குறிச்ச அடையாளம் குட்டி போட்டிருச்சு சார்."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் நெற்றியைத் தேய்த்தார். அடுத்த தடவை அள்ளி மூட்டை கட்ட முடியாத எதையாவது குறி என்றார். திங்கட்கிழமை காலை சீக்கிரம் வரச் சொன்னார். காலை என்ற சொல்லை அவள் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் தும்மல்தான் கேட்டது. ஒரு தும்மல் இல்லை, ஒரு தெருவே தும்மியது. நடந்ததை அம்மா துண்டு துண்டாகச் சொன்னாள். எங்கள் களத்தைப் பார்த்துத்தான் பிளேன் திரும்பும் என்று அடுத்த வீட்டு மாடத்தியிடம் மட்டும் சொன்னாளாம். "ஏன், எங்க வத்தல் செவக்கலையாக்கும்?" என்று கேட்டுவிட்டு மாடத்தி தன் மொட்டை மாடியில் கொட்டினாளாம். அதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர்கள். விலை ஏறட்டும் என்று மூட்டையில் கட்டி வைத்திருந்தவர்கள்கூட அவிழ்த்துவிட்டார்கள். மாடி போதாமல் தார் ரோட்டிலும் பாதிக்கு விரித்தார்கள்.

மாடத்தி போனைப் பிடுங்கினாள். "ஏட்டி, உண்மையச் சொல்லு. யார் வீட்டு வத்தல் நல்லாத் தெரிஞ்சது?"

"எல்லாரு வீட்டுதும் தெரிஞ்சது அத்த. அதுலதான் தொலஞ்சு போகப் பாத்தேன்."

அந்தப் பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. அது அடங்கியதும் கற்பகவல்லி மெதுவாகக் கேட்டாள். ஊருக்கே தெரிந்துவிட்டதே, அப்பா என்ன சொன்னார் என்று.

அம்மா தும்மி முடித்துச் சொன்னாள். வத்தலுக்கு முன்னால் சிவகாசி பஸ் நின்றுவிட்டதாம். எந்த மந்திரி வாறாருன்னு ரோட்டை அடைச்சிருக்கீக என்று டிரைவர் சத்தம் போட்டிருக்கிறார். பெத்தணன் வானத்தைப் பார்த்தபடி நின்றாராம். விமானம் திரும்பி, புள்ளியாகி, மறைந்த பிறகுதான் பதில் சொன்னாராம்.

"மந்திரி இல்லய்யா, எம் மக. பிளேன் ஓட்டுதா." கொஞ்சம் பொறுத்து, "பூகோளமும் படிக்கா" என்றாராம்.