பன்னிரண்டு பலகைப் போர்க்களம்

புதன்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்த யுவராணி உள்ளே காலெடுத்து வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். இரண்டு மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் கட்டிய ஊர், வெள்ளிக்கிழமை வண்டி ஏற வேண்டிய ஊர், தெருத்தெருவாக வெள்ளை பூத்துக் கிடந்தது.

ஊர் என்றால் நிஜ ஊர் இல்லை, மேஜை மேல் வைக்கிற ஊர். வெளிநாட்டில் நன்றாக வளர்ந்த, வேலை வெட்டி உள்ள ஆம்பளைகள்தான், ஒரு மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு விரல் உயரச் சிப்பாய்களை நகர்த்திப் போர் விளையாடுவார்கள். பகடை உருட்டுவார்கள், டேப் வைத்து அளப்பார்கள். கைக்கு அடக்கமாக டாங்கி இருக்கும், சட்டைப் பொத்தான் அளவில் ட்ரோன் இருக்கும். சண்டை போட ஓர் ஊர் வேண்டுமே, அதுவும் குண்டு விழுந்த ஊர். இடையஞ்சாவடி ஓரத்தில், ஆரோவில்லுக்குப் போகிற செம்மண் பாதையில், ஒரு தகர ஷெட்டில் அந்த ஊரைச் செய்து அனுப்புகிறார் மார்ட்டின் என்கிற வெள்ளைக்காரர். பூ போட்ட பீங்கான் செய்கிறவர்கள் நடுவில் இவர் ஒருவர் இடிந்த ஊர் செய்துகொண்டிருந்தார்.

யுவராணி அங்கே கூட்டிப் பெருக்க வந்தவள். ஒருநாள் மற்றவர்கள் செய்து வைத்த இடிந்த வீட்டைப் பார்த்து, இப்படி எந்தச் சுவரும் விழாது என்று சொல்லிவிட்டாள். கடலோரத்து வீடு எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து வீங்கும், சிமென்ட் அப்பளம் மாதிரி உரிந்து விழும், புயலடித்தால் கூரை முதலில் போகாது, மூலைதான் முதலில் போகும். மார்ட்டின் கத்தியையும் ஒரு துண்டு ஃபோமையும் அவள் கையில் கொடுத்தார். மூன்று வருஷத்தில் ஷெட்டில் இடிபாடு என்றால் யுவராணி என்று ஆகிவிட்டது. மெல்லிய கம்பியை வளைத்துச் சொருகி, முதலில் பழுப்பு, அதற்கு மேல் காய்ந்த பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் ஆரஞ்சு, அப்புறம் கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து இடுக்கெல்லாம் ஓட விட்டால் துரு என்று சத்தியம் செய்யலாம்.

ஊரைத் துண்டு துண்டாகத் தாங்குகிற இந்தப் பன்னிரண்டு பலகைதான் அவளுக்கு வாழ்வா சாவா. ஐரோப்பாவில் ஏதோ கண்காட்சியில் நாலு நாள் நடக்கப் போகிற பெரிய ஆட்டத்துக்கு. அது எடுபட்டால் வருஷம் முழுக்க ஆர்டர் வரும், பேக்கிங்குக்கு ஓர் ஆள் வேண்டும், உன் வீட்டுக்காரரையே வரச் சொல்லலாம் என்று மார்ட்டின் வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டுக்காரன் அப்பாதுரை மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷமாக உப்பு வாருகிறவன். பாத்தியில் தண்ணீர் வெள்ளை, உப்பு வெள்ளை, மேலே வானமும் வெள்ளை. அந்த வெயிலையே பார்த்துப் பார்த்து இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறிவிட்டது. இடது கண் போனது போனதுதான், வலது கண்ணில் மிச்சம் இருக்கிறது, இன்னொரு சீசன் அந்த வெள்ளையில் நின்றால் அதுவும் போய்விடும் என்று போன தை மாசமே பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். சீசன் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. அவன் நின்றுகொண்டுதான் இருக்கிறான். உங்களுக்கு நிழல் வேலை கிடைக்கட்டும், விட்டுவிடலாம் என்று யுவராணியும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள். வேறென்ன செய்வது, இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்களே.

வெள்ளை எதனால் என்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பெயின்ட் கோளாறு என்று நினைத்தாள். கூட வேலை செய்கிற சகாயசெல்வி வார்னிஷ்மேல் பழி போட்டாள். ஈரத் துணியால் துடைத்தால் வெள்ளை போய்விடும். அரை மணி கழித்துக் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக வரும். யுவராணி ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

மண்ணில்தான் கோளாறு. தெருவுக்கும் திடலுக்கும் பசையில் குழைத்துப் பூச வழக்கமாக வருகிற நைஸ் மணல் இந்தத் தடவை வரவில்லை. உப்பளத்துப் பாத்தியின் அடிமண்ணை எடுக்கலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். மிதித்து மிதித்து மாவாக்கிய களி, காய்ந்தால் பாலைவன நிறம். குழாய்த் தண்ணீரில் நாலு முறை அலசி ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் காட்டியபோது மார்ட்டின் அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பன்னிரண்டு பலகைக்கு ஒரு கிண்ணம் போதாது, இரண்டு மூட்டை வேண்டும். நான் கழுவிக் காய வைத்துத் தருகிறேன், நீ உன் வேலையைப் பார் என்று அப்பாதுரை முன்வந்தான். மூட்டை வந்தபோது மண் கொஞ்சம் வெளுப்பாகத்தான் இருந்தது. நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று அவளும் சந்தோஷமாகப் பசையில் கொட்டினாள். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்தவள் அதை ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லையே என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டு என்ன பயன்.

மார்ட்டின் பத்து மணிக்கு வந்தார். பலகைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கத்துகிற மனிதர் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் தன் ஓட்டைத் தமிழில், பன்னிரண்டும் வேண்டாம், ஆறு சுத்தமாகக் கொடுத்தால் போதும், ஆட்டத்தை அதிலேயே நடத்திக்கொள்வார்கள் என்றார். ஆறும் இல்லையென்றால் வேறு இடத்தில் சொல்லிவிடுவார்களாம். ஆறு வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் அப்பாதுரையே வந்து பேக்கிங் செய்யட்டும் என்றும் சொன்னார்.

அன்று முழுக்க இரண்டு பெண்களும் தாங்கள் கட்டிய ஊரைத் தாங்களே சுரண்டினார்கள். வீடுகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, பூசின மண்ணைக் கத்தியால் வழித்து, பலகையைக் குழாயடியில் காட்டித் தேய்த்து, மின்விசிறிக்கு எதிரே நிறுத்தினார்கள். ஒரு படிக்கட்டு உடைந்தது. ஒரு மசூதிச் சுவர் இரண்டாகப் போனது. குண்டு விழுந்த ஊர்தானே என்று சகாயசெல்வி சிரிக்கப் பார்த்தாள், யுவராணிக்கு அழுகைதான் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கையைக் கூடக் கழுவாமல் கேட்டாள்.

"ஏங்க, அந்த மண்ண எப்படிக் கழுவினீங்க?"

"ஏன், நல்லாத்தான் கழுவினேன். ஏழு தபா அலசினேன். ஒரு கிளிஞ்சல், ஒரு பாசி இருக்காது."

"எந்தத் தண்ணியில?"

"எந்தத் தண்ணியிலன்னா? பாத்தித் தண்ணியிலதான்."

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு குற்றம் குறை இல்லை. உப்பளத்துக்காரனுக்குக் கழுவுவது என்றால் அதுதான். வாரிய உப்பில் சேறு ஒட்டியிருந்தால் உப்புத் தண்ணீரில்தான் அலசுவார்கள், நல்ல தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து போய்விடுமே. இருபத்தாறு வருஷமாக அந்தக் கை கழுவியதெல்லாம் அப்படித்தான், இதையும் அது அப்படியே கழுவிவிட்டது. அவன்மேல் கோபப்பட யுவராணிக்கு வழியில்லை. பலகையில் கொஞ்சம் வெள்ளை தட்டுது, பாத்துக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் நாலு பலகை உருப்பட்டுவிட்டது. மீன் தொட்டிக்காக மார்ட்டின் வாங்கி வைத்திருந்த மணலைச் சலித்துப் பூசி, மறுபடி கறுப்பு, மறுபடி பழுப்பு, மறுபடி புழுதி நிறம். ஐந்தாவதும் ஆறாவதும் காய்ந்துகொண்டிருந்தன. மணல்தான் தீர்ந்துவிட்டது. மிச்ச ஆறு பலகை வெள்ளையோடு வெள்ளையாக வாசல் பக்கத்து மேஜையில் கிடந்தன. ஆறு வந்துவிடும் என்று யுவராணிக்கு முதல் முறையாக மூச்சு வந்தது. மார்ட்டினும் வந்து நின்று தலையை ஆட்டினார்.

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. இறங்கியவன் அப்பாதுரை. தோளில் ஒரு மூட்டை. அவள் நேற்றுக் கேட்ட கேள்வி அவனைத் தூங்க விடவில்லையாம். உப்பள வேலைக்கு நிற்காமல், விடியற்காலையிலேயே பாத்தியில் அடிமண் எடுத்து, அடிபம்பில் நல்ல தண்ணீர் அடித்து அடித்து அலசி, வீட்டுத் தகரத்தின் மேல் காய வைத்து, சல்லடையும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். யுவராணி ஓடிப்போய் மூட்டையைப் பிரித்து நாக்கில் வைத்தாள். துளி உப்பு இல்லை. எல்லோர் நடுவிலும் அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"சார், இவருதான் எங்க வூட்டுக்காரரு. நாளைக்கு பேக்கிங்குக்கு வர்றவரு."

மார்ட்டின் சிரித்தபடி முன்னால் வந்து கையை நீட்டினார். அப்பாதுரையும் சிரித்துக்கொண்டு நின்றான். நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் மார்ட்டினைத் தாண்டி, குரல் வந்த பக்கமாக, யுவராணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வெட்கம் என்று நினைத்த அவள், கை குடுங்க என்று மெல்லச் சொன்னாள். அவன் இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டான்.

அப்புறம் வாசல் பக்கத்து மேஜையைத் தொட்டுத் தடவினான். விரல் ஒரு வீட்டுச் சுவரில் ஏறி இறங்கியது. பூத்துக் கிடந்த தெருவின் மேல் நேராகக் குனிந்து பார்த்தான்.

"இதுதான் நீ கட்டுன ஊரா? வெள்ளை தட்டுதுன்ன? சுத்தமாத்தான இருக்குது. ஒரு பொட்டு வெள்ளையக் காணோமே."

சகாயசெல்வி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். மேஜை முழுக்க வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, அதன் மேல் குனிந்து நிற்கிறவனுக்கு அது தெரியவில்லை. யுவராணிக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் விளங்கியது. காய்ந்த மண்ணில் உப்பு வெளுத்து நிற்பதைப் பார்க்கிற கண் இருந்திருந்தால், எந்தத் தண்ணீரில் கழுவியிருந்தாலும் அவன் அந்த மூட்டையைக் கட்டியிருக்க மாட்டான். அவள் எதைக் காப்பாற்ற இந்த ஊரைக் கட்டிக்கொண்டிருந்தாளோ, அது எப்போதோ போய்விட்டிருந்தது.

நீட்டிய கையை அவன் ஏன் பிடிக்கவில்லை என்று மார்ட்டினுக்கும் விளங்கியது. அவளைத் தனியே கூப்பிட்டு, இங்கே கத்தி இருக்கிறது, ஃபோம் அறுக்கிற சூட்டுக் கம்பி இருக்கிறது, நான் எப்படி என்று பாதியில் நிறுத்தினார். நிறுத்தாமல் சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கோபம் வந்திருக்காது. பலகை எப்படியானாலும் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். காய்கிற இரண்டு பலகையையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ அக்கா என்றாள் சகாயசெல்வி.

ஈசிஆர் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. அவன் அவள் தோளுக்கு ஒரு சாண் பின்னாலேயே நடந்து வந்திருந்தான். எத்தனை நாளாக இப்படிப் பின்னாலேயே வருகிறான் என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் மரியாதை விட்டு ஒரு வார்த்தை பேசாதவள், ரோடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டாள்.

"ஏன்யா சொல்லல? இத்தினி நாளா ஏன்யா எங்கிட்ட சொல்லல நீ?"

"சொன்னா அந்த மேஸ்திரி கலியன் அளத்துல சேத்துப்பானா?"

"கண்ணு தெரியாம அந்தப் பாத்தியில எப்படியா நிப்ப?"

"நிக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? வரப்பு மேடு, தண்ணி பள்ளம், காலுக்குத் தெரியும்." பிறகு அவனே சொன்னான்: "பொங்கலுக்கு அப்புறமே மங்கிடுச்சி. எனக்கு நெழல் வேலை வாங்கணும்னுதான நீ ராவும் பகலும் அங்க கெடந்த. போயிடுச்சின்னு சொன்னா வுட்டுட்டு வந்து எம்பக்கத்துல குந்திக்குவ. உங்கையில ஒரு வேலை இருக்குது, அது போவக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அப்படித்தான் செய்திருப்பாள். டாக்டர் சொன்ன அன்றே அவன் கையைப் பிடித்து நிறுத்தாமல், ஆர்டர் வரட்டும், பலகை முடியட்டும் என்று மூன்று மாதம் அவனை அந்த வெள்ளைக்கு அனுப்பியதும் அவள்தான். அதை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

தூரத்தில் ஒரு பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். இத்தனை நாளும் பஸ் வந்தால் அவள் எழுந்த பிறகு எழுவான், அவள் ஏறிய பிறகு ஏறுவான். இன்று முதல் முறையாக வாய் விட்டுக் கேட்டான்.

"எந்த ஊரு பஸ்ஸு, ராணி?"

மரக்காணம் என்றாள். கையைப் பிடித்தாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கையைப் பிடித்தால் உதறிவிடுகிறவன், அன்று உதறவில்லை.