துண்டுக்குள் முடிந்த பேரம்

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஏலம் கூவினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவனும் விலை கேட்பான். போன சாரல் சீசனோடு அந்தக் குரல் போயிற்று. நாலு வார்த்தைக்குள் மூச்சு வாங்கியது. பின்னாலேயே வறட்டு இருமல். பழியைக் குளித்துவிட்டு வந்த குற்றால அருவி மேல் போட்டுவிட்டு, அவர் துண்டு வியாபாரத்துக்கு மாறினார். துண்டுக்கடியில் விற்பவர் விரலை நீட்டுவார். வாங்குபவர் தொட்டு, விரலை எண்ணி விலையை அறிவார். கூவ வேண்டாம். ஆனால் உள்ளே முடிந்ததை மாற்றக் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது.

அடுத்து விரல்கள் மக்கர் செய்தன. காலையில் மடங்கியது மடங்கியபடியே நின்றது. அண்ணாச்சி அதைத் துண்டுக்குள்ளேயே மறைத்தார். தெரிந்தால் கடை மருமகன் பேச்சிராஜ் கைக்குப் போய்விடும். பேச்சிராஜ் தங்கமான பையன். வருகிறவனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து, அவன் கேட்ட விலைக்கே சரக்கையும் கொடுப்பான்.

ஒரு நாள் குற்றாலத்து ஊறுகாய்க் கடை இசக்கிதுரை துண்டுக்குள் கை விட்டான். அண்ணாச்சி நீட்ட நினைத்தது ஐந்து விரல். நீண்டது மூன்று.

"அண்ணாச்சி, நெசமாவா?"

"ஒரே பேச்சுதாம்லே. தூக்கு மூட்டைய."

இசக்கிதுரை துண்டை உருவினான். விரல் முட்டிகள் சிவந்து வீங்கியிருந்தன.

"கூடப்பொறந்தவனுக்கே இந்த வெலைக்குத் தரமாட்டீரு. எனக்குத் தாரீருன்னா ஒடம்புல என்னமோ கோளாறுவே. ஏறும் வண்டியில."

தென்காசியில் டாக்டர் உமாதேவி விரல்களை அழுத்திப் பார்த்தார், முதுகில் குழல் வைத்துக் கேட்டார், ரத்தமும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லி, முடிவுகளைப் பார்த்தார்.

"முடக்குவாதம். மூட்டையும் பிடிச்சிருக்கு, நுரையீரலையும் பிடிச்சிருக்கு."

"இருமல் அருவியில குளிச்சதால வந்தது, விரல் வேற சரக்குல்லா? ஒரே மூட்டையில கட்டுதீங்களே தாயி!"

"ஒரே நோய்தான். அருவி மேல பழி போடாதீங்க. நெஞ்சுல விழுந்த தழும்பு போகாது. மேற்கொண்டு விழாமத் தடுக்க மருந்து தாரேன். விரல் இறுக்கம் விட்டுரும், கடைக்கும் போகலாம். பீடி மட்டும் கூடாது."

கடை உண்டு என்றதும் அண்ணாச்சிக்குத் தெம்பு வந்துவிட்டது. "ஒரு நாளைக்கு அஞ்சு?"

"கூடாது."

"ரெண்டு? கடைசி வெல."

டாக்டரும் புளியங்குடிக்காரர்தான். "துண்டக் கொடுங்க" என்றார்.

அண்ணாச்சி துண்டுக்குள் கை விட்டுத் தேடினார். அகப்பட்டது டாக்டரின் மூடிய கை. சுற்றிச் சுற்றித் தடவியும் ஒற்றை விரல்கூட நீளவில்லை.

வெளியே வந்து பீடிக்கட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார். இசக்கிதுரைக்கு மனசு இளகியது.

"அண்ணாச்சி, அந்த எலுமிச்சைக்கு அஞ்சே தாரேன்."

அண்ணாச்சிக்குக் கை அரித்தது. தொட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"வேண்டாம்லே. அத மாத்தினா இந்தப் பீடிப் பேரத்தயும் மாத்தச் சொல்லும் மனசு. மூணுக்கே தூக்கு. நாசமாப் போற பயலே, சிரிக்காத!"