மூன்றாவது கட்டம் இல்லாத படிவம்

பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் கேடயத்தை அவளிடம் கொடுத்தார்கள். வெல்வெட் துணியை விலக்கியதும் கண்ணில் பட்டது கணவரின் பெயர் அல்ல. அதற்கு முன்னால் நின்ற சொல். ‘அமரர்’. பித்தளைத் தகட்டில் நல்ல ஆழமாக வெட்டி, கறுப்பு மை நிரப்பியிருந்தார்கள். சுட்டுவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். தேய்த்தால் போகிற சொல்லாக இல்லை.

“யாரு சார் செத்தது?” என்று கேட்டாள்.

விருதுக் குழுவின் செயலாளர் நிகழ்ச்சி நிரலை மடித்தார், விரித்தார். மனித உரிமைக்காகத் துணிந்து நின்றவர்களை ஆண்டுதோறும் தேடிப்பிடித்துக் கௌரவிக்கிற குழு. தப்பான ஆட்கள் என்று சொல்லிவிட முடியாது. மேடைக்குப் பின்னாலிருந்த அந்தச் சிறிய அறையில் குளிர்சாதனம் பல் கிட்டும்படி ஓடியும் அவருக்கு நெற்றி வேர்த்தது.

“படிவத்துல ரெண்டே கட்டம்தாம்மா. நேர்ல வந்து வாங்கறவங்க ஒண்ணு, மறைவுக்குப் பின் ஒண்ணு. சார் நேர்ல வர முடியாதில்லையா...”

“வர முடியாம பிடிச்சு வெச்சிருக்கற ஆளுக்குக் கட்டம் இல்லையா?”

அவள் கணவர் லாரிப் பட்டறையில் வெல்டர். ‘மனு’ என்றுதான் பட்டறையில் அவரைக் கூப்பிடுவார்கள். காவலில் அடிபட்டுச் செத்துப்போன கூட்டாளி ஒருவனுக்காக நாற்பத்தொரு மனு எழுதியவர். நாற்பத்திரண்டாவதைத் தபாலில் சேர்க்கப் போன இடத்தில், தபால் நிலைய வாசலிலேயே நாலு பேர் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். பட்டப்பகல் பதினொரு மணி. அதற்கப்புறம் இரண்டு வருடம் நாலு மாதம் ஓடிவிட்டது. நாங்கள் பிடிக்கவே இல்லை என்று காவல்துறை ஒற்றைக் காலில் நிற்கிறது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி அவள் போட்ட வழக்கு வருகிற திங்கட்கிழமை. போன வாய்தாவில் அரசு வழக்கறிஞர், உயிரோடு இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். செத்ததற்கு என்ன ஆதாரம் என்று நீதிபதி திருப்பிக் கேட்டதால்தான் வழக்கு இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த ஆதாரம் இப்போது அவள் மடியில் இருந்தது, இரண்டு கிலோ எடையில்.

“மரியாதைக்குப் போட்ட வார்த்தைம்மா. தலைமை விருந்தினர் வந்து உட்கார்ந்துட்டாரு. படம் எடுத்து முடிஞ்சதும் தகட்டை மாத்தித் தந்துடறோம்.”

“அந்தப் படம்தான் சார் திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகும். பொண்டாட்டியே கைநீட்டி வாங்கிட்டாள்னு.”

“நாங்களா எதுவும் போடலைம்மா. உங்க வீட்லேருந்து வந்த படிவத்துல அப்படித்தான்...” என்றவர் முடிக்காமல், அவளோடு வந்திருந்த கொழுந்தனைப் பார்த்தார்.

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். “ஏதாவது ஒரு கட்டத்தைத் தொடலேன்னா ஃபார்ம் உள்ளயே போக மாட்டேங்குது அண்ணி. பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன். கடைசி நாள் வேற. ரெண்டு வருஷமா தெருவே அண்ணனைத் திருட்டுப்பயன்னு சொல்லுது. ஒரு மேடையிலயாச்சும் நல்லவன்னு சொல்லட்டுமேன்னு...”

“கட்டத்துக்காகத் தொட்டியா, இல்ல மனசுலயும் அப்படித்தானா?”

அவன் இன்னும் வேகமாகத் திருகினான். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

அவளுக்குக் கோபம் வந்தது. அவன்மேல் அல்ல, அவன்மேலும்தான். “சாவுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக்கிட்டு அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் மூணு தடவை வீட்டுப் படியேறினான் தம்பி. கையெழுத்தை மட்டும் போடுன்னு பேனாவைத் திறந்து நீட்டினான். அவன் மிரட்டி வாங்க முடியாததை இவங்க கைதட்டி வாங்கப் பாக்கறாங்க.”

அரசு மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாகக் குழாய்களை வாங்கி வைக்கிற வேலை அவளுக்கு. ஒட்டிய சீட்டில் பெயர் பிசகியிருந்தால் திருத்தக் கூடாது. குழாயையே திருப்பி அனுப்ப வேண்டும். திருத்தப் போனால் யாருடைய ரத்தமோ யார் உடம்பிலோ ஏறும். எத்தனையோ பெரிய டாக்டர்களிடம் அதற்காக வசவு வாங்கியிருக்கிறாள். இதையும் திருப்பி அனுப்பலாம்தான். ஆனால் இங்கிருந்து எழுந்து போனால் கூரியரில் வீட்டுக்கு வரும், வாங்கியதாகவே எழுதிக்கொள்வார்கள். வாங்கவில்லை என்பதை நாலு பேர் பார்க்க வேண்டும்.

கேடயத்தைத் துணியால் மூடி மேசையில் வைத்தாள். “கூப்பிடுங்க சார், வரேன்.” செயலாளர் நிம்மதியாகக் கும்பிட்டார்.

வெளியே ஒலிபெருக்கி அந்தச் சொல்லோடு சேர்த்தே பெயரைச் சொன்னது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கண் கூசும் வெளிச்சத்தில் படியேறினாள். தலைமை விருந்தினர், வெள்ளை மீசைக்காரர், கேடயத்தை இரண்டு கையாலும் ஏந்தி அவள் பக்கம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“இது எங்க வீட்டு ஆளு இல்லைங்க. எங்க வீட்டு ஆளு திரும்பி வரணும்.”

பக்கத்திலிருந்த ஒலிவாங்கி அதை வாங்கி அரங்கம் முழுக்கப் போட்டது. கைதட்டல் அங்கங்கே அறுந்தது. “அம்மா, சும்மா தொட்டாப்புல நில்லுங்க, ஒரே ஒரு படம்” என்று கீழேயிருந்து புகைப்படக்காரர் கெஞ்சினார். அவள் நகரவில்லை. பெரியவருக்கு நீட்டியதை மடக்கத் தெரியவில்லை; கீழே வைக்க மேடையில் மேசையும் இல்லை. சற்று நேரத்தில் அவருடைய மணிக்கட்டுகள் நடுங்கத் தொடங்கின. பித்தளையில் பட்ட வெளிச்சம் கூரையில் ஏறி, அவர் நடுக்கத்தோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.