அத்தாவுல்லா கேனனுக்கு மாறியது

பக்தவச்சலமும் அத்தாவுல்லாவும் ஒரே கம்பெனி காமிரா வைத்திருந்தது தற்செயல் இல்லை. பக்தவச்சலத்திடம் நிகான் இருப்பதைப் பார்த்துத்தான் அத்தாவுல்லாவும் பர்மா பஜாரில் அலைந்து ஒரு பழைய நிகானை வாங்கினார். அன்றிலிருந்து இருவருக்கும் ஓர் ஏற்பாடு. ஒருவரிடம் இருக்கும் லென்ஸை மற்றவர் வாங்குவதில்லை. இடத்தை அகலமாக அடக்கும் லென்ஸ் பக்தவச்சலத்துடையது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் லென்ஸ் அத்தாவுல்லாவுடையது. எது யார் வீட்டில் இருந்தாலும், மற்றவருக்கு அந்த வாரம் அதுதான் வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தாவுல்லா ஸ்கூட்டரில் சேலையூரில் பக்தவச்சலத்தின் வீட்டுக்கு வந்துவிடுவார். திருநீர்மலைக்கோ குன்றத்தூர் ஏரிக்கரைக்கோ போய்ப் படம் எடுத்துவிட்டு, திரும்பும்போது லென்ஸ் கைமாறும்.

பக்தவச்சலம் குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். திருமணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு அந்த வீட்டுப் பக்கம் வருகிறவர்கள் பால்காரரும் அத்தாவுல்லாவும்தான். அத்தாவுல்லாவுக்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் சைக்கிள் உதிரி பாகக் கடை, மனைவி, நான்கு பிள்ளைகள், வீடு நிறைய உறவினர்கள்.

எண்பத்தொன்பதாம் வருடம் ஜூன் மாதம் அத்தாவுல்லாவின் மைத்துனர் அமீருதீன் துபாயிலிருந்து லீவில் வந்தார். கழுத்தில் புதுக் கேனன் தொங்கியது. பொத்தானை லேசாகத் தொட்டால் தானே ஃபோகஸ் செய்துகொள்ளும். துபாய் திரும்பும்போது அதை லென்ஸ்களோடு அத்தாவுல்லாவிடமே விட்டுவிட்டுப் போவதாகவும், தனக்கு அங்கே வேறு வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார்.

அத்தாவுல்லா அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு பேரிங்கையும் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துத்தான் தட்டில் எடுத்து வைக்கிறவர் அவர்.

"தானமா வந்த மாடுன்னாலும் நான் பல்லைப் புடிச்சுப் பாப்பேன் வச்சலம்," என்றார். "ரெண்டையும் வச்சு எடுத்துப் பாப்போம். நம்ம நிகான் ஜெயிச்சா, மச்சானே எடுத்துகினு போவட்டும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையின் இழுகதவில் செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கம் ஒன்றை ஒட்டி, எதிரே காமிரா ஸ்டாண்டை நிறுத்தினார்கள். ஒரே இடம், ஒரே வெயில், ஒரே டின்னிலிருந்து வெட்டிச் சுருட்டிய கறுப்பு வெள்ளை ஃபிலிம். முதலில் நிகான், பிறகு கேனன். கேனன் லென்ஸைக் கழற்றப் போன பக்தவச்சலத்தின் கை பழக்கத்தில் எதிர்ப்பக்கமாகத் திருகியது. இரண்டு கம்பெனிக்கும் திருகும் திசை வேறு. வாய் வளையத்தின் அளவும் வேறு. இதில் இருப்பது அதில் ஏறாது. இது தெரிந்த விஷயம்தான் என்றாலும், கேனன் லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. அத்தாவுல்லா மாறிவிட்டால் கைமாற்ற எதுவும் இருக்காது.

ஃபிலிம் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் எப்போதும் பக்தவச்சலம்தான். குளியலறை ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரை வைப்பார். மறுநாள் வேலைக்குப் போகாமல் இரண்டு நெகட்டிவ்களையும் பெரிதாக்கிப் பார்த்தார். வாடகைக்கு வீடு, மணமகள் தேவை, தட்டச்சு வகுப்பு. நடுவிலும் மூலையிலும் எழுத்துகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. படத்தை மட்டும் பார்த்து எது எந்தக் காமிராவுடையது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

சமமாக இருந்தால் அத்தாவுல்லா எதை எடுப்பார் என்பதில் சந்தேகமில்லை. நிகான் பிரிண்டை ஒழுங்காகப் போட்டார். கேனன் நெகட்டிவை வைத்த பிறகு என்லார்ஜரின் குமிழை ஒரு நூல் அளவு திருப்பினார். எழுத்துகளின் ஓரம் லேசாகக் கரைந்தது. அப்படியே போட்டு, அலசி, கொடியில் மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தாவுல்லா வாசல் வெளிச்சத்தில் இரண்டு பிரிண்ட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். நிகானே தேவலை போலிருக்கிறது என்றார் பக்தவச்சலம். அத்தாவுல்லா கேனன் பிரிண்டின் மேல் கண்ணாடியை வெகுநேரம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

ஃபிலிமை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் படம் முழுக்க மணல் தூவியது போலத் தெரியும். ஃபிலிமிலேயே இருக்கும் துகள்கள் அவை. காமிராவில் எவ்வளவு மட்டமான லென்ஸை மாட்டினாலும் எழுத்துதான் மங்குமே தவிர அந்த மணல் மங்காது. மணலும் சேர்ந்து மங்கினால் கோளாறு காமிராவில் இல்லை, பிரிண்ட் போட்ட இடத்தில். இதை அத்தாவுல்லாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே பக்தவச்சலம்தான்.

"மணலே கலங்கிக் கீதே வச்சலம்."

பக்தவச்சலம் பிரிண்டை வாங்கிப் பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"என்லார்ஜர் அசைஞ்சிருக்கும் பாய்."

"ஒண்ணுல மட்டும் அசைஞ்சிதா?"

அத்தாவுல்லா கண்ணாடியை மடக்கிப் பையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் பேசவாவது போயிருக்கலாமே என்று பக்தவச்சலம் பிற்பாடு நினைத்துக்கொண்டார். காபியைக் குடித்துவிட்டு, அன்று மைத்துனரோடு ஆம்பூர் வரை போகவேண்டியிருக்கிறது என்று சொல்லி அத்தாவுல்லா கிளம்பினார். முதல்நாள் வரை அப்படி ஒரு பயணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. பக்தவச்சலம் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுக் கேனன் நெகட்டிவை மறுபடி எடுத்துச் சரியாகப் பிரிண்ட் போட்டார்.

புதன்கிழமை வேலை முடிந்து தாம்பரத்தில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் போகாமல் நேரே சண்முகம் சாலைக்குப் போனார். கடையில் கூட்டம். பெடல் கேட்டு ஒருவர், டியூப் கேட்டு இருவர். சற்று இடைவெளி கிடைத்ததும் பிரிண்டைக் கல்லாமேல் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் பாய். நான்தான் குமிழைத் திருப்பி வச்சேன்."

"தெரியும்பா," என்றார் அத்தாவுல்லா. "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மச்சான்கிட்ட வேணாம்னுட்டிருப்பேன். எனக்கு எந்தக் காமிராவா இருந்தா இன்னா."

அமீருதீன் போன வெள்ளிக்கிழமையே கேனனை விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டாராம். அத்தாவுல்லா கல்லாவின் கீழிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து வைத்தார். தூரத்தை இழுத்துக் காட்டும் அந்த லென்ஸ்.

"இது எனக்கு இனிமே மாட்டாது. உங்கிட்ட இருந்தாத்தான் உபயோகம். இப்ப உனக்கு எல்லாமே கீது, யாரையும் கேக்கத் தேவையில்ல."

குத்திக்காட்டும் குரல் அல்ல. உண்மையாகவே நல்லது செய்கிற குரல். அதனாலேயே வேண்டாம் என்று மறுக்க வழியில்லாமல் பக்தவச்சலம் மூட்டையை வாங்கிக்கொண்டார். பின்னால் ஒருவர் செயின் கவர் இருக்கிறதா என்று கேட்டார். அத்தாவுல்லா எட்டி மேல் தட்டிலிருந்து அதை எடுத்துக் கொடுத்து, சில்லறையை எண்ணிப் போட்டுவிட்டுத் திரும்பியபோது பக்தவச்சலம் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"வேற இன்னா வேணும் வச்சலம்?"

கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஒண்ணுமில்ல பாய்," என்று பக்தவச்சலம் மற்றவர்களுக்கு வழிவிட்டு இறங்கினார்.