முகம் தெரியாத பெரிய டிவி

புது டிவியைச் சுவரில் மாட்டிய ஆள் தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டான், அதற்குள் தையற்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

யாருக்குத்தான் எரியாது? செத்துப்போன புருஷன் அசைந்து சிரிப்பது ஒரே ஒரு டிவிடியில்தான். நாத்தனார் கல்யாணத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறவன் சட்டென்று திரும்பிச் சிரிப்பான். அவ்வளவுதான். போட்டோ என்றாலே ஓடி ஒளிகிற மனுஷன். மகளுக்கு அப்பாவை நினைவில்லை. அந்தச் சிரிப்புதான் அவளுக்கு அப்பா.

"இதுல போட்டுப் பாருங்கம்மா, புருவத்து முடிய எண்ணலாம்" என்று வாய் கூசாமல் சொன்னான் கடைக்காரன். அந்தப் பேச்சை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய குண்டு டிவியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினாள். தெரிந்தது என்ன? ஒல்லிக்குச்சி மனுஷனுக்குப் பூசணிக்காய் முகம்! மகள் ரிமோட்டில் எதையோ அமுக்கி அகலத்தைக் குறைத்தாள். அப்படியும் முகம் கட்டம் கட்டமாகக் கலைந்து கிடந்தது. கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

டிவிடியைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

கடைக்காரன் போட்டுப் பார்த்தான். "டிவி மேல குத்தமில்லம்மா. டிவிடியில இருக்கறதே அவ்வளவுதான். பழசு மழுப்பிக் காட்டுச்சு, இது உள்ளத பெருசாக்கிக் காட்டுது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"இந்தப் பழமொழி விக்கறப்ப எங்கடா போச்சு?"

கடையே திரும்பிப் பார்த்தது. பழைய டிவியைத் திருப்பிக் கேட்டாள். அது கொடுத்த அன்றைக்கே உடைக்கப் போய்விட்டதாம்.

சரி, சட்டியைக் காலி பண்ணினவன் யார்? கொழுந்தன். கல்யாண வீடியோ எடுப்பதுதான் அவன் தொழில்; இந்த டிவிடியும் அவன் போட்டுக் கொடுத்ததுதான். நேராக அவன் ஸ்டுடியோவில் போய் நின்றாள்.

"அந்தக் கல்யாண டேப்ப எடு."

அவன் தலையைச் சொறிந்தான். "அது மேலயே வேற கல்யாணம் எடுத்துட்டேன் அண்ணி."

"டிவிடி ஏன் இந்த லட்சணத்துல இருக்கு?"

"மூணு கல்யாணத்த ஒரே டிவிடியில ஏத்துனேன். அமுக்கித் திணிச்சாத்தான் அடங்கும். நம்ம வீடுதானே, யாரு உத்துப் பார்க்கப் போறாங்கன்னு..."

"நான் பார்த்தேன்டா! தினமும் பார்த்தேன்! ஊரான் வீட்டுக் கல்யாணத்த இப்படிச் செய்வியா? உன் கூடப்பொறந்த அண்ணன்டா!"

அவன் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் போயிடுவாருன்னு அப்பத் தெரியாதே அண்ணி."

அவளுக்கும்தான் தெரியாது. அதற்காகக் கோபம் இறங்கிவிடுமா? கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

வீட்டில் டிவிடியை மகளிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். மகள் அதைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து சமையலறை வாசல்வரை போனாள்.

"அம்மா, இங்க வா. தள்ளி நின்னா அப்பா தெரியறார்."

போய் நின்றாள். தெரிந்தான். அதே ஒல்லி முகம், அதே சிரிப்பு. தன்னை மறந்து இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். முகம் கலைந்தது.

"பாருடி உங்கப்பாவ!" என்று வெடித்தாள். "கிட்டப் போனா காணாமப் போயிடறாரே, பாவி மனுஷன்!"

மகள் அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.